ஒன்றுக்குப் பொருள் உண்டு என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடித் தொல்காப்பியச் சொல்லதிகாரம் படிக்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வருகிறார்கள், மருந்துக்கடை அண்ணாச்சி ஒருத்தர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வருகிறார். சூத்திரத்தைவிடச் சூத்திரத்துக்கு வெளியே ஓடும் கேள்விகள்தான் அதிகம். எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: ஒரு சொல்லுக்கோ குறிக்கோ பொருள் இருக்கிறது என்கிறோமே, அப்படியென்றால் என்ன? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவரவர் பேசியபடியே இருக்கின்றன.

"இதுல கேக்க என்ன இருக்கு? அகராதியப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

அகராதி ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லைத் தரும். அந்தச் சொல் தெரியாவிட்டால் அதையும் தேட வேண்டும். 'மடை' தெரியாத ஒருவனுக்கு 'மதகு' என்று சொல்லலாம். மதகும் தெரியாதென்றால் 'தண்ணீர் திறந்துவிடும் வழி' என்று சொல்லலாம். திறப்பது என்றால் என்ன, வழி என்றால் என்ன என்று அவன் கேட்டுக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியல் என்ற பகுதியில் இதை நேரடியாகவே சொல்கிறார்: 'பொருட்குப் பொருள் தெரியின் அதுவரம் பின்றே.' பொருளுக்குப் பொருள் கேட்கத் தொடங்கினால் அதற்கு எல்லை கிடையாது.

ஆனால் அவர் அத்தோடு கைவிட்டுவிடவில்லை. அடுத்த சூத்திரம் 'பொருட்குத் திரிபில்லை உணர்த்த வல்லின்.' உணர்த்தத் தெரிந்தவன் உணர்த்தினால் பொருள் பிசகாது. அதற்கும் அடுத்தது 'உணர்ச்சி வாயில் உணர்வோர் வலித்தே.' உணர்வதற்கான வாசல் உணர்கிறவனைப் பொறுத்தது. அப்பாவோடு வயலுக்குப் போய், மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை வெட்டி இழுத்து மடை திறந்த பிள்ளைக்கு அகராதி தேவைப்படவில்லை. சொற்கள் ஓரிடத்தில் சொல்லல்லாத ஒன்றில், நாம் சேர்ந்து செய்கிற காரியத்தில், கால் ஊன்றுகின்றன. இந்த மூன்று சூத்திரத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு 'எதற்குமே நிலையான பொருள் இல்லை' என்று சொல்கிறவர்கள் பாதியிலேயே எழுந்து போனவர்கள்.

சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் கொற்கைப் பக்கத்து ஆற்றூர்க்காரர் என்று அங்குள்ள கல்வெட்டைக் கொண்டு சொல்வார்கள். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் உட்கார்ந்து நம் ஊர்க்காரர் ஒருவர் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சூத்திரங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம் உண்டு.

"மேகம் கூடுனா மழைன்னு அர்த்தம். கண்டக்டர் ரெண்டு விசில் ஊதுனா 'போகலாம்'னு அர்த்தம். ரெண்டும் ஒரே அர்த்தந்தானா அண்ணாச்சி?"

மொத்த விஷயமும் இதற்குள்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பால் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர் 1957-இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டதும் பஸ் உதாரணம்தான். இன்னின்ன தடிப்பு வந்தால் தட்டம்மை என்று அர்த்தம். பஸ்ஸில் மூன்று தடவை மணி அடித்தால் வண்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போடுகிறோம், ஆனால் நடப்பது வேறு என்றார்.

நம் ஆற்றை எடுத்துக்கொள்வோம். தைப்பூச மண்டபத்துப் படியில் நின்று பார்க்கிறீர்கள். நேற்றுவரை தெளிந்து ஓடிய தண்ணீர் இன்று செக்கச்செவேல் என்று வருகிறது. மேலே மலையில் மழை என்று சொல்லிவிடுவீர்கள். விசாரித்தால் மலையில் ஒரு சொட்டு மழை இல்லை, மேலே எங்கோ கரையை வெட்டி வேலை நடந்ததில் தண்ணீர் கலங்கியிருக்கிறது. இப்போது 'ஆறு மழையென்று சொன்னது, ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டது' என்று யாராவது சொல்வோமா? மாட்டோம். கலங்கல் மழையைக் குறிக்கவே இல்லை, நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, இங்கே குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்தது. கோயில் மறைந்தால் ஆறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அங்கேயும் கோயில் யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. காரணமும் காரியமும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன, அதை நாம் படிக்கப் பழகியிருக்கிறோம்.

இனி விசில். ஒன்று ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் எடு. ஜங்ஷன் ஸ்டாப்பில் ஒரு ஆச்சி கூடையை உள்ளே தள்ளிவிட்டு ஒரு காலைத்தான் படியில் வைத்திருக்கிறார். கண்டக்டர் கவனிக்காமல் இரண்டு விசில் ஊதிவிடுகிறார். பஸ்ஸே கத்துகிறது. அந்த விசிலுக்கு 'போகலாம்' என்ற பொருள் அப்போதும் இருந்தது. டிரைவர் வண்டியை எடுத்ததும் அதனால்தான், எல்லோரும் கத்தியதும் அதனால்தான். ஊதியது தவறு, பொருள் அப்படியே இருக்கிறது.

ஒன்றுக்குப் பொருள் உண்டா என்று சந்தேகம் வந்தால் நான் கேட்டுப் பார்ப்பது இதைத்தான்: அது தவறாக இருக்க முடியுமா? தவறு என்று சொல்ல ஆள் உண்டா? உண்டென்றால் அங்கே முழு அர்த்தத்தில் பொருள் இருக்கிறது. இல்லையென்றால் அது தடயம். தடயமும் மதிப்புள்ளதுதான், ஆனால் வேறு சாதி.

"அப்போ பொருள் எங்க இருக்கு? சொல்லுக்குள்ளயா, சொல்லுதவன் மனசுக்குள்ளயா?"

மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மேலப்பாளையம் சந்தை செவ்வாய்க்கிழமை கூடும். சந்தைகளில் பழைய தரகர்கள் விலை பேசும் விதம் இது: விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். விரலைப் பிடிப்பார்கள், விடுவார்கள், மறுபடி பிடிப்பார்கள். முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு. இரண்டு என்ன, நூறா, ஆயிரமா, பத்தாயிரமா? அதை யாரும் சொல்வதில்லை. எதிரே நிற்பது ஆட்டுக்குட்டியா உழவு மாடா என்பதே அதைச் சொல்லிவிடும்.

அந்த விரலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் உள்ளே 'இருபதாயிரம்' இருக்காது. சரி, பிடித்தவர் மனசில் இருக்கிறதா? அவர் மனசுக்குள் பதினைந்தை நினைத்துக்கொண்டு இரண்டு விரலைப் பிடித்தார் என்றால், மறுநாள் 'நான் பதினைந்தைத்தான் நினைச்சேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தரகர் விடமாட்டார், சந்தையும் ஒத்துக்கொள்ளாது. பிடித்த விரலுக்கு என்ன பொருளோ அதுதான் விலை. அவர் மனசு அதை மாற்றாது.

லுட்விக் விட்கன்ஸ்டைன் என்ற ஆஸ்திரிய அறிஞர், அவர் இறந்தபின் 1953-இல் வெளியான நூலில், ஒரு சொல்லின் பொருள் பெரும்பாலும் அந்த மொழியில் அதன் புழக்கம்தான் என்று சொன்னார். புத்தகத்தில் படிக்கும்போது ஏதோ பெரிய தத்துவமாகத் தெரியும். துண்டுக்கடியில் கை விட்ட ஆளுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது.

இதிலிருந்து 'நாலு பேர் சேர்ந்து முடிவுசெய்தால் எதற்கும் எந்தப் பொருளும் வந்துவிடும்' என்று போய்விட வேண்டாம். யாரும் உட்கார்ந்து முடிவுசெய்யவில்லை. பழக்கம் நின்று நிலைத்திருக்கிறது, புதிதாக வருகிறவன் அதைக் கற்றுக்கொள்கிறான், பிசகினால் திருத்தப்படுகிறான்.

"பொருநையும் தாமிரபரணியும் ஒரே ஆறுதானே? அப்ப ரெண்டு சொல்லுக்கும் ஒரே பொருள்னு சொல்லிரலாமா?"

சுட்டுவது ஒரே ஆறு. ஆனால் பொருநை என்ற பெயரைப் பாடத்தில் மட்டும் படித்த சென்னைப் பிள்ளைக்கு, தான் பாபநாசத்தில் குளித்த ஆறுதான் அது என்பது புதுச் செய்தி. 'தாமிரபரணிதான் தாமிரபரணி' என்று சொன்னால் அதில் செய்தி இல்லை, 'பொருநைதான் தாமிரபரணி' என்றால் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஜெர்மானியக் கணித அறிஞர் கோட்லோப் ஃபிரேகே 1892-இல் விடிவெள்ளியையும் அந்தி வெள்ளியையும் வைத்து விளக்கினார். இரண்டும் ஒரே வெள்ளிக் கிரகம். சுட்டப்படுவது ஒன்று, அது நமக்குக் காட்சி தரும் விதம் இன்னொன்று என்றார் அவர். பொருள் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நம் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரூர்ப் பக்கத்து அமராவதிக்கு ஆன்பொருநை என்று பெயர். சேரரைப் பாடும் சங்கப் பாட்டில் பொருநை வந்தால் அது நம் ஆறுதான் என்று உடனே சொந்தம் கொண்டாடிவிட வேண்டாம்.

"எங்க தாத்தா என்னைய 'ஏலே'ன்னா சந்தோசமா இருக்கு. வேற ஒருத்தன் சொன்னா கோவம் வருது. சொல்லு ஒண்ணுதானே?"

சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லைக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பது வேறு. தாத்தா 'ஏலே' என்று உரிமையை எடுத்துக்கொள்கிறார், அவருக்கு அது உண்டு. முன்பின் தெரியாதவன் இல்லாத உரிமையை எடுத்துக்கொள்கிறான். சொல்லின் பொருள், சொல்லுகிறவர் கருத்து, சொல்லுவதால் நடக்கும் காரியம் என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிச் சண்டை தீரும்.

இதை நம் ஊர் 1908-இல் பெரிய அளவில் கண்டிருக்கிறது. 'வந்தே மாதரம்' என்பதற்கு அகராதி சொல்லும் பொருள் தாயை வணங்குகிறேன் என்பது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகி, மார்ச் 13-ஆம் தேதி திருநெல்வேலியே கொந்தளித்த அந்த நாளில், தெருவில் நின்று அதைக் கூவியவர் செய்த காரியம் அரசை எதிர்த்தது. கூவியவருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். அகராதியைக் காட்டி 'நான் தாயை வணங்கத்தானே செய்தேன்' என்றால் இரண்டு தரப்புமே ஒத்துக்கொண்டிருக்காது.

"பல்லி சொல்லுதுக்குப் பொருள் உண்டா? எங்க அம்மை பல்லி சொன்னா வாசல் தாண்ட மாட்டா."

பல்லி எழுப்புகிற சத்தம் பல்லிகளுக்கானது: துணையைக் கூப்பிட, தன் இடத்தைக் காக்க. நம் வீட்டுப் பயணத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பல்லி நிமித்தம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, பஞ்சாங்கத்தில் இன்றும் அச்சாகிறது. எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று கற்றவர்கள் இருக்கிறார்கள், 'கிழக்குக்கு அது இல்லைட்டி' என்று திருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அந்த வழக்கத்துக்குள் அதற்குப் பொருள் உண்டு. பொருள் இருப்பதாலேயே அது உண்மை ஆகிவிடாது. 'நாளைக்குக் குற்றாலத்தில் பனி பெய்யும்' என்ற வாக்கியத்துக்கும் தெளிவான பொருள் இருக்கிறதே. அம்மையைக் கேலி செய்ய வேண்டாம், பலனை நம்பவும் வேண்டாம்.

"முண்டந்துறைக் காட்டுல மிளா கத்துனா புலி நடமாட்டம்னு சொல்லுவாங்க. அந்தக் கத்தலுக்குப் பொருள் உண்டா?"

மிளா என்பது கடமான். நமக்கு அதன் கத்தல் தடயம், சந்தேகமில்லை. மிளாவுக்கு மிளா என்ன சொல்லிக்கொள்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை வைத்து ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் செய்த ஆய்வு 1980-இல் வெளியானது. சிறுத்தைக்கு ஒரு கூச்சல், கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று. அந்தக் கூச்சல்களைப் பதிவுசெய்து, பக்கத்தில் எந்த மிருகமும் இல்லாதபோது ஒலிக்கவிட்டார்கள். சிறுத்தைக் கூச்சலுக்குக் குரங்குகள் மரமேறின, கழுகுக் கூச்சலுக்கு அண்ணாந்து பார்த்தன, பாம்புக் கூச்சலுக்குத் தரையைக் குனிந்து பார்த்தன.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது குட்டிகளின் நடத்தை. ஒன்றும் செய்யாத பறவைக்கும், உதிர்கிற இலைக்கும்கூடக் கழுகுக் கூச்சல் போடுகின்றன. வளர வளரத்தான் கழுகுக்கு மட்டும் என்று சீர்படுகிறது. பிசகவும் முடிகிறது, சீர்படவும் முடிகிறது என்றால் அது வெறும் தடயத்தைத் தாண்டிவிட்டது. மனுஷப் பேச்சு என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு தொடங்குகிற வாசல்படியில் நிற்கிறது என்று சொல்வேன்.

"யாருமே வாசிக்கத் தெரியாத எழுத்துக்குப் பொருள் இருக்கா, இல்லியா?"

சீவலப்பேரிப் பக்கம் மருகால்தலையில் ஒரு குகை இருக்கிறது. உள்ளே கற்படுக்கைகள், பாறையில் ஒரே ஒரு வரி எழுத்து. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமி, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து. 1906-இல் கல்வெட்டுத் துறையினர் கவனத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். காசிபன் என்பவர் செய்துகொடுத்த கற்படுக்கை என்பது அந்த வரியின் கருத்து. 'கொடுபித', 'கல்' என்ற சொற்கள் அதில் இருக்கின்றன. இன்று கடைத்தெருவில் நாம் புழங்குகிற கொடுப்பதும் கல்லும்தான் அவை.

ஆடு மேய்த்தவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்களும் பல நூற்றாண்டுகளாக அந்த வரியைப் பார்த்திருப்பார்கள், படித்திருக்க முடியாது. அந்தக் காலமெல்லாம் அதற்குப் பொருள் இருந்ததா? இருந்தது என்பதே என் பதில். எழுத்து மறந்துபோனது, மொழி மறக்கவில்லை. கொடுப்பது, கல் என்பதெல்லாம் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் பேசப்பட்டுக்கொண்டே இருந்தன. அதனால்தான் அந்த வரியைத் தவறாகப் படித்தால் 'இது தவறு' என்று இன்றைக்கும் வாதாட முடிகிறது.

கொற்கை அகழாய்வில் கிடைத்தவை போன்ற பானை ஓட்டுக் கீறல்களின் நிலை வேறு. ஏணி போல ஒன்று, மீன் போல ஒன்று, நட்சத்திரம் போல ஒன்று என்று தமிழ்நாடு முழுவதும் பல இடங்களில் கிடைக்கின்றன. கீறியவருக்கு அவற்றில் ஏதோ கருத்து இருந்திருக்க வேண்டும்: உடைமைக் குறியோ, குயவர் குறியோ, குலக் குறியோ. ஆனால் அந்தக் கீறலைச் சரியாகப் போடு என்று சொல்லித் தந்த பழக்கம் அறுந்துபோயிற்று. இன்று ஒருவர் 'இது மீன், எனவே பாண்டியன்' என்கிறார், இன்னொருவர் வேறொன்று சொல்கிறார். இருவரில் யார் தவறு என்று காட்ட இப்போதைக்கு வழியில்லை. சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிடும் வேலை நடக்கிறது, நடக்கட்டும். வடிவம் ஒத்திருப்பதை மட்டும் வைத்துப் பொருளும் ஒன்றுதான் என்று பெருமை பேசுவது அந்த மூதாதைகளுக்கு நாம் செய்கிற நல்லது ஆகாது.

"எனக்கு மட்டும் தெரிஞ்ச குறி ஒண்ணு வச்சுக்கிட்டா?"

முந்தானையில் முடிச்சுப் போட்டுவைத்த ஆச்சி மறுநாள் 'எதுக்குப் போட்டேன்னு தெரியலையே' என்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருப்பு வாங்கவா, பால்காரனுக்குப் பணம் கொடுக்கவா? எதைச் சொன்னாலும் சரிபோலத்தான் தோன்றும். சரிபோலத் தோன்றுவதெல்லாம் சரி என்றால், சரி தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை. கூட ஒருத்தரிடம் சொல்லிவைத்திருந்தால் முடிச்சு பிழைத்திருக்கும்.

"நெல்லையப்பர் கோயில் இசைத்தூணத் தட்டுனா சுரம் வருது. அதுக்குப் பொருள் உண்டா?"

சுரத்துக்கு ஒழுங்கு உண்டு, பிசகும் உண்டு. ஆனால் அது வேறொன்றைப் பற்றிச் சொல்வதில்லை. இசை நம்மை உலுக்க அது எதையும் குறிக்க வேண்டிய அவசியமில்லை என்றே நினைக்கிறேன். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

"இப்ப கம்ப்யூட்டரே தமிழ்ல கதை, கடிதம் எல்லாம் எழுதித் தருதே. அதுக்குப் பொருள் உண்டா சார்?"

இரண்டு கேள்வி இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எழுதித் தந்த வாக்கியத்துக்குப் பொருள் உண்டா? உண்டு. தமிழ்ச் சொற்களுக்குத் தமிழ் பேசுகிறவர்கள் பொருளைக் காத்துவருகிறார்கள். அந்தச் சொற்கள் யார் கையிலிருந்து வந்தாலும் அதே பொருளோடுதான் வரும். தவறென்றால் தவறு என்று நாம் காட்ட முடிகிறதே.

அதை எழுதித் தந்தது அந்தப் பொருளைக் கருதித் தந்ததா என்பது இரண்டாவது. ஜான் சேர்ல் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1980-இல் ஒரு கற்பனை சொன்னார். சீனமே தெரியாத ஒருவர் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். சீன எழுத்தில் கேள்விகள் உள்ளே வருகின்றன. எந்த வடிவம் வந்தால் எந்த வடிவத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று விதிப் புத்தகம் இருக்கிறது. வெளியே நிற்பவருக்கு உள்ளே சீனம் தெரிந்தவர் இருப்பதாகவே தோன்றும், உள்ளே இருப்பவருக்கோ ஒன்றும் புரியாது. இதற்கு எதிர்வாதங்களும் உண்டு: புரிவது அந்த ஆளுக்கு இல்லாவிட்டாலும் அறை முழுவதற்கும் சேர்த்து இருக்கலாமே என்பார்கள். நான் கேட்பது வேறு. தவறாகச் சொன்ன தரகருக்குச் சந்தையில் பேர் கெடும், தவறாக ஊதிய கண்டக்டர் ஆச்சியிடம் வசை வாங்குவார். சொன்ன சொல்லுக்காக அப்படி ஏதாவது ஒன்றைச் சுமக்கிற இடத்துக்கு இயந்திரம் வந்தால் அப்போது இந்தக் கேள்வியை நான் மறுபடி எடுத்துக்கொள்வேன்.

"வாழ்க்கைக்கு அர்த்தம் என்னன்னு கேக்கோமே, அதுவும் இதேதானா?"

இதே இல்லை, ஆனால் உறவுக்காரக் கேள்விதான். வாழ்க்கை ஒரு வாக்கியம் இல்லை, அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அது யாருக்கு, எதற்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டால் பதில் வரும்.

கூந்தன்குளத்தில் குளம் பெருகினால் நாரைகள் வந்து ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவை வந்தால் நல்ல காலம் என்பது ஊர் நம்பிக்கை. தண்ணீர் இருந்தால்தான் பறவை வரும் என்பதால் அதில் தடயமும் இருக்கிறது. ஆனால் குஞ்சுகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் அந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அது தடயத்தைத் தாண்டியது. 1994-இல் சரணாலயம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்பே அந்தப் பறவைகளுக்கு அங்கே அர்த்தம் இருந்தது. வெடி போட ஆசைப்படும் சின்னப் பயலிடம் 'அது தப்புலே' என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். வாழ்க்கையின் அர்த்தம் என்பதும் இப்படி நாலு பேரோடு சேர்ந்து எதையாவது காத்துவருவதில்தான் கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

"மருகால்தலைக்குப் போயிப் பாக்கலாமா?"

போகலாம். சீவலப்பேரி வழியாகப் போய் ஊருக்குள் விசாரித்தால் பாறையைக் காட்டுவார்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்து நன்றாகத் தெரியும். போட்டோவில் பளிச்சென்று விழ வேண்டும் என்று எழுத்தின்மேல் சாக்பீஸாலோ சுண்ணாம்பாலோ இழுக்காதீர்கள். ஒருவர் தன் ஊகத்தின்படி ஒரு கோட்டை இழுத்துவிட்டால் அடுத்து வருகிறவர் அந்த ஊகத்தைத்தான் படிப்பார். தமிழ் பிராமி எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். 'க' ஒரு கூட்டல் குறி மாதிரி இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.